வெட்டுக்கிளியை வீழ்த்தும் சிலந்தி நஞ்சு நம்மை ஏன் வீழ்த்துவதில்லை?

கேள்வி இதுதான்: தோட்டத்தில் கையளவு பெரிய மஞ்சளும் கறுப்புமான சிலந்தி ஒன்று வலை பின்னியிருக்கிறது, அதில் சிக்கிய வெட்டுக்கிளி ஒரே கடியில் அசைவிழந்தது, அது நரம்பைத் தாக்கும் நஞ்சு என்றால் நரம்பின் எந்த ஏற்பியில் போய் ஒட்டுகிறது, அதே சிலந்தி வீட்டில் ஒருவரைக் கடித்தால் என்ன ஆகும்?

சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிலந்தியின் நஞ்சில் உள்ள முக்கியமான சிறு மூலக்கூறுகள் குளூட்டமேட் ஏற்பிகளை அடைக்கின்றன. ஏற்பி என்பது நரம்பு அனுப்பும் வேதிச்செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதம். பூச்சிகளின் தசையை இயக்கும் வேதிப்பொருள் குளூட்டமேட். நம்முடைய தசையை இயக்குவது அசிட்டைல்கோலின். பூச்சிக்கு உயிர்நாடியாக இருக்கும் ஏற்பி நம் தசையில் அந்த வேலையில் இல்லை என்பதால் கடி வலியோடு நின்றுவிடுகிறது. ஆனால் இந்த ஒரு வரி விடைக்குப் பின்னால் உள்ள செய்தி, நம் மூளையைப் பற்றி நாம் கற்றுக்கொண்ட ஒரு பெரிய பாடத்தோடு சேர்ந்தது என்பதால் அதை விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் நெபிலா பிலிப்பெஸ் என்னும் பெரிய காட்டுச் சிலந்தியாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டோரங்களிலும் இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியா முழுவதிலும் பப்புவா நியூ கினி வரையிலும் இதைக் காணலாம். வெயில் படும்போது பொன்னிறமாக மின்னும் இழையை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில் இந்தச் சிலந்தி வேட்டையாடியதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். பச்சை வெட்டுக்கிளி ஒன்று வலையில் மோதியதும் சிலந்தி மையத்திலிருந்து ஓடிவந்து, முன்கால்களால் ஒருமுறை தொட்டுப் பார்த்து, நெஞ்சுப் பகுதியில் கடித்துப் பிடியை விடாமல் அப்படியே நின்றது. வெட்டுக்கிளியின் பின்கால்கள் முதலில் வேகமாக உதைத்தன. பிறகு உதைகளுக்கு இடையே இடைவெளி கூடியது. பிறகு கால் மடங்கியது, நீளவில்லை. வயிற்றின் மூச்சசைவு மட்டும் இன்னும் சற்று நேரம் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் சிலந்தி இழையால் சுற்றத் தொடங்கியது. ஆர்ஜியோப்பி என்னும் இன்னொரு வலைச்சிலந்தி பெரும்பாலும் முதலில் இழையால் சுற்றிக் கட்டிவிட்டுப் பிறகு கடிக்கும். நெபிலா முதலில் கடித்து, நஞ்சு வேலை செய்யும்வரை பிடித்துக்கொண்டு காத்திருக்கும். இரையை அடக்கும் பொறுப்பு முழுவதும் நஞ்சின் மேல் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அந்த ஓரிரு நிமிடங்களில் வெட்டுக்கிளியின் காலுக்குள் நடந்தது என்ன என்பதைப் புரிந்துகொள்ள, நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். நரம்பின் முனை தசையைத் தொடுவதில்லை. இடையில் நுண்ணிய இடைவெளி உண்டு. நரம்பில் மின்துடிப்பு வந்ததும் முனையிலிருந்து ஒரு வேதிப்பொருள் இடைவெளியில் கொட்டப்படுகிறது. தசையின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிப் புரதங்கள் அதைப் பற்றிக்கொள்கின்றன. பற்றிய கணத்தில் அந்தப் புரதத்தின் நடுவே ஒரு துளை திறந்து, நேர்மின்னேற்றம் கொண்ட அயனிகள் உள்ளே பாய, தசை சுருங்குகிறது. பூச்சிகளில் இந்த இடத்தில் கொட்டப்படும் பொருள் குளூட்டமேட். அவற்றின் நரம்பு மண்டலத்தின் நடுப்பகுதியில் அசிட்டைல்கோலினுக்கு முதலிடம். முதுகெலும்புள்ள நமக்கு இது தலைகீழாக இருக்கிறது: தசையில் அசிட்டைல்கோலின், மூளையில் குளூட்டமேட். இந்த இடமாற்றத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

இந்த நஞ்சின் கதை ஜப்பானில் தொடங்குகிறது. அங்கே ஜோரோகுமோ என்று அழைக்கப்படும், நம் காட்டுச் சிலந்தியின் நெருங்கிய உறவான சிலந்தியின் நஞ்சை டோக்கியோவில் நொபுஃபூமி கவாய் தலைமையிலான குழு ஆராய்ந்து 1982-இல் முடிவை வெளியிட்டது. அவர்கள் எடுத்துக்கொண்டது சிங்கி இறாலின் காலில் உள்ள நரம்பு-தசைச் சந்திப்பு. அதுவும் பூச்சியைப் போலவே குளூட்டமேட்டால் இயங்குவது. நஞ்சை இட்டதும் தசையைத் தூண்டும் மின்மாற்றம் சிறுத்துப்போனது. நேரடியாகக் குளூட்டமேட்டைத் தொட்டு வைத்தாலும் தசை பதில் சொல்லவில்லை. ஆனால் அதே தசையை அடக்கும் நரம்பின் செய்தி மட்டும் குறைவில்லாமல் வந்துகொண்டிருந்தது. நஞ்சு கண்டபடி எல்லாவற்றையும் அழிக்கவில்லை, குளூட்டமேட் ஏற்பியை மட்டும் தேர்ந்தெடுத்து அடைக்கிறது என்பதை அந்த அடக்கும் செய்திதான் காட்டிக்கொடுத்தது. அதுவரை குளூட்டமேட் ஏற்பியை இவ்வளவு குறிப்பாகத் தடுக்கும் பொருள்கள் ஆய்வாளர்கள் கையில் அரிதாகவே இருந்தன என்பதை நினைத்தால் இந்தக் கண்டுபிடிப்பின் எடை புரியும். பப்புவா நியூ கினியிலிருந்து கொண்டுவந்த நெபிலாவிலிருந்தும், அதாவது நம் ஊர்க் காட்டுச் சிலந்தி எந்த இனமோ அதே இனத்திலிருந்தும், இதே வகை மூலக்கூறு ஒன்று பிறகு பிரித்தெடுக்கப்பட்டது.

இந்த மூலக்கூறுகள் புரதங்கள் அல்ல. பாம்பு நஞ்சோடு பழகிய மனம் நஞ்சு என்றதும் புரதத்தையே எதிர்பார்க்கிறது. இவை அதைவிட மிகச் சிறியவை. ஆர்ஜியோப்பி சிலந்தியிலிருந்து கிடைத்த ஒன்றுக்கு ஆர்ஜியோடாக்சின்-636 என்று பெயர். அந்த எண்தான் அதன் மூலக்கூறு எடை. வடிவத்தைச் சொல்வதானால் தலையும் வாலும் கொண்ட ஒரு தலைப்பிரட்டையைப் போல் இருக்கிறது: தலைப்பக்கம் தட்டையான வளைய அமைப்பு, அதை ஒட்டி ஓர் அமினோ அமிலம், அதற்குப் பின்னால் நீண்ட பாலிஅமீன் வால். அந்த வால் முழுவதும் நேர்மின்னேற்றங்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. பாலிஅமீன் என்பது அந்நியப் பொருளும் அல்ல. நம் உயிரணுக்கள் ஒவ்வொன்றிலும் ஸ்பெர்மின், ஸ்பெர்மிடின் என்ற பெயர்களில் அவை இருக்கின்றன. சிலந்தி தன் உடலில் எப்போதும் கிடைக்கும் ஒரு பொருளுக்குத் தலை ஒன்றைப் பொருத்தி ஆயுதமாக்கிக்கொண்டது என்று சொல்லலாம். தேனீக்களை முடக்கித் தன் கூட்டுக்குத் தூக்கிச் செல்லும் ஒரு வகைக் குளவியின் நஞ்சிலும் இதே தலையும் பாலிஅமீன் வாலும் கொண்ட மூலக்கூறு இருக்கிறது. சிலந்தியும் குளவியும் தனித்தனியே ஒரே தீர்வுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இனி அடைப்பு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இந்த நஞ்சு ஏற்பியில் குளூட்டமேட் உட்காரும் இடத்தைப் பிடித்துக்கொண்டு போட்டி போடுவதில்லை. ஏற்பி திறக்கும்வரை பெரும்பாலும் அது வெளியே காத்திருக்கிறது. குளூட்டமேட் வந்து துளை திறந்ததும், உயிரணுவின் உட்புறம் எதிர்மின் நிலையில் இருப்பதால் நேர்மின்னேற்றம் கொண்ட வால் உள்நோக்கி இழுக்கப்படுகிறது. வால் துளையின் மிகக் குறுகிய பகுதிக்குள் நூல் கோத்தது போல நுழைய, பருத்த தலை மேலே உள்ள குழிவில் சிக்கிக்கொள்கிறது. அயனிகள் செல்ல வழி இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் சொபொலெவ்ஸ்கி குழுவினர் 2018-இல் உறைநிலை மின்னணு நுண்ணோக்கியின் மூலம் ஆர்ஜியோடாக்சின் பாலூட்டியின் ஏற்பித் துளைக்குள் இவ்வாறு மாட்டிக்கொண்டிருக்கும் நிலையையே படமாகக் காட்டினார்கள். பல ஆண்டுகளாக மின்பதிவுகளை வைத்து ஊகித்து வந்ததைக் கண்ணால் பார்த்தது போலிருந்தது.

திறந்த துளைக்குள்தான் நஞ்சு நுழையும் என்பதன் விளைவைச் சற்று யோசித்துப் பாருங்கள். வெட்டுக்கிளி உதைக்கும் ஒவ்வொரு முறையும் அதன் நரம்புமுனை குளூட்டமேட்டைக் கொட்டுகிறது, ஏற்பிகள் திறக்கின்றன, திறந்தவற்றில் நஞ்சு புகுந்துகொள்கிறது. தப்பிக்க எவ்வளவு போராடுகிறதோ அவ்வளவு விரைவாக அதன் தசை அடைபடுகிறது. நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் பீட்டர் அஷர்வுட்டும் அவரோடு இருந்தவர்களும் பாலைவன வெட்டுக்கிளியின் கால் தசையிலேயே இந்த வகை நஞ்சுகளை ஆராய்ந்தார்கள். தூண்டத் தூண்டத்தான் அடைப்பு கூடுகிறது என்பது அந்த வகை ஆய்வுகளின் அடிப்படைப் பாடம். வால்பாறையில் நான் பார்த்த உதைகளின் இடைவெளி கூடியதற்குக் காரணம் இதில் பெருமளவு அடங்கியிருக்கிறது. பெருமளவு என்று சொல்வதற்குக் காரணம், சிலந்தி நஞ்சு ஒற்றைப் பொருள் அல்ல. சிறு மூலக்கூறுகளும் பெப்டைடுகள் என்னும் குட்டிப் புரதங்களும் நொதிகளுமாகப் பல பொருள்கள் சேர்ந்த கலவை அது. ஒரு கடியின் முழு விளைவையும் ஒரே மூலக்கூறின் தலையில் கட்டுவது தவறு.

இப்போது நம் உடலுக்கு வருவோம். நம் தசையில் அசிட்டைல்கோலின் ஏற்பி இருக்கிறது. பாலிஅமீன் நஞ்சுகள் செறிவு கூடினால் அதையும் ஓரளவு அடைக்கும் என்பது ஆய்வகத்தில் தெரிந்ததுதான்; ஆனால் ஒரு சிலந்தியின் கடியில் இறங்கும் அளவு, வெட்டுக்கிளியின் உடலில் செறிவாக இருப்பதும் மனித உடலின் குருதியில் கரைந்து நீர்த்துப்போவதும் ஒன்றல்ல. குளூட்டமேட் ஏற்பிகள் நம் மூளையில் நிறைந்திருக்கின்றன என்றாலும், இவ்வளவு மின்னேற்றம் தாங்கிய மூலக்கூறு குருதியிலிருந்து மூளைக்குள் செல்லும் தடுப்பை எளிதில் கடக்காது. ஆகவே பூட்டு நம்மிடமும் இருக்கிறது, ஆனால் சாவி அதை எட்டுவதில்லை.

அந்தப் பூட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் கருத்தில் சிலந்தி நஞ்சு அறிவியலுக்குச் செய்த மிகப் பெரிய உதவி இங்கேதான் இருக்கிறது. மூளையில் விரைவான தூண்டல் செய்திகளை வாங்கும் குளூட்டமேட் ஏற்பிக்கு ஆம்பா ஏற்பி என்று பெயர். நான்கு துணைப் புரதங்கள் சேர்ந்து ஓர் ஏற்பி ஆகிறது. அவற்றில் இரண்டாம் வகைத் துணைப் புரதம் சேர்ந்திருந்தால் துளை வழியாகக் கால்சியம் மிகக் குறைவாகவே செல்லும். அது சேராவிட்டால் கால்சியம் தாராளமாகச் செல்லும். இந்த வேறுபாடு துளையின் குறுகிய பகுதியில் உள்ள ஒரே ஓர் அமினோ அமிலத்தில் இருக்கிறது: மற்ற வகைகளில் அந்த இடத்தில் குளூட்டமின், இரண்டாம் வகையில் ஆர்ஜினின். இதில் வியப்பானது, இரண்டாம் வகையின் மரபணுவிலும் குளூட்டமின் என்றுதான் எழுதியிருக்கிறது. ஆர்என்ஏ நகல் புரதமாக மாறும் முன் ஒரு நொதி அதில் ஓர் எழுத்தைத் திருத்தி ஆர்ஜினின் என்று படிக்கும்படி செய்துவிடுகிறது. ஆர்ஜினின் நேர்மின்னேற்றம் கொண்டது. அது கால்சியத்தைத் தள்ளுவது போலவே சிலந்தி நஞ்சின் வாலையும் தள்ளிவிடுகிறது. 1993-இல் இந்த ஓர் அமினோ அமிலத்தை மாற்றுவதன் மூலமே ஏற்பியை ஜோரோகுமோ சிலந்தியின் நஞ்சுக்கு அடைபடும்படியும் அடைபடாதபடியும் செய்ய முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இதன் பயன் உடனே புலப்பட்டது. ஒரு நரம்பணுவின் மீது நஞ்சை இட்டுப் பார்த்து, மின்னோட்டம் குறைந்தால் அங்கே கால்சியம் கடத்தும் ஆம்பா ஏற்பிகள் இருக்கின்றன என்றும், குறையாவிட்டால் இல்லை என்றும் சொல்லிவிடலாம். மூளைக்குக் குருதி ஓட்டம் தடைபட்ட பிறகு சில நரம்பணுக்கள் உடனே சாகாமல் சில நாள்கள் கழித்துச் சாவதற்கும், இயக்கநரம்பணுக்கள் படிப்படியாக அழியும் ஏஎல்எஸ் நோயில் மேற்சொன்ன எழுத்துத் திருத்தம் குறைந்துபோவதற்கும் இந்தக் கால்சியம் கடத்தும் ஏற்பிகளோடு தொடர்பு உண்டு என்பதால், அவற்றை மட்டும் தனியே அடையாளம் காட்டும் ஒரு பொருள் கிடைத்தது சிறிய செய்தி அல்ல. சிலந்தியிடமிருந்து ஒவ்வொரு முறையும் நஞ்சு எடுப்பது சிரமம் என்பதால் ஜப்பானிய வேதியியலர்கள் அதன் தலையை எளிய நாப்தலீன் வளையமாகவும் வாலை ஸ்பெர்மினாகவும் சுருக்கி ஒரு செயற்கைப் பொருளைச் செய்தார்கள். நரம்பியல் ஆய்வகங்களில் நாஸ்பம் என்ற பெயரில் புழங்குவது அதுதான்.

எல்லாச் சிலந்திகளும் இப்படித் துளையை அடைப்பவை அல்ல. கறுப்பு விதவை எனப்படும் லாட்ரோடெக்டஸ் இனங்கள் நேர் எதிரான வழியில் செல்கின்றன. அவற்றின் ஆல்ஃபா-லாட்ரோடாக்சின் சுமார் 1,30,000 எடை கொண்ட பெரிய புரதம். அது தசையின் பக்கம் உள்ள ஏற்பியை விட்டுவிட்டு நரம்பின் முனையைப் பிடிக்கிறது. அங்கே ஒட்டியதும் நரம்புமுனை தன்னிடம் உள்ள செய்தி கடத்தும் வேதிப்பொருளை அடக்கமில்லாமல் கொட்டித் தீர்க்கிறது. கடும் வலி, வயிற்றுத் தசை பலகை போல இறுகுதல், வியர்வை, இரத்த அழுத்தம் ஏறுதல் ஆகியவை இதன் விளைவு. இந்தப் புரதம் நரம்புமுனையில் எதைப் பிடிக்கிறது என்று தேடியதில்தான் நியூரெக்சின், லாட்ரோஃபிலின் என்ற இரு ஏற்பிகள் கண்டுபிடிக்கப்பட்டன. இரண்டாவதன் பெயரிலேயே சிலந்தியின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே சுரப்பியில் பூச்சிகளை மட்டும் தாக்கும் உறவுப் புரதங்கள் வேறாகவும், இறால் நண்டு வகையை மட்டும் தாக்குவது வேறாகவும் இருக்கின்றன. இலக்குக்கு ஏற்ப ஏற்பி மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மிளகாய் தின்றவர் எல்லோருக்கும் பழக்கமான ஓர் ஏற்பியையும் சிலந்திகள் விட்டுவைக்கவில்லை. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் டிஆர்பிவி1 என்னும் வலி ஏற்பியைத் திறக்கிறது. சூடும் அதையே திறக்கிறது. நாக்கில் காரம் எரிச்சலாகத் தெரிவது இதனால்தான். அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஜூலியஸின் குழுவினர் 2006-இல் டிரினிடாடைச் சேர்ந்த டரான்டுலா என்னும் மயிரடர்ந்த பெருஞ்சிலந்தி ஒன்றின் நஞ்சில் இதே ஏற்பியைத் திறக்கும் பெப்டைடுகளைக் கண்டார்கள். 2010-இல் சீனாவின் பூமிப்புலிச் சிலந்தியிலிருந்து கிடைத்த இன்னொன்று, இரண்டு முடிச்சுகளைக் கயிற்றால் இணைத்தது போன்ற வடிவம் கொண்டது. இரு கைகளால் பிடிப்பது போல ஏற்பியின் வெளிவாயைப் பிடித்துக்கொண்டு எளிதில் விடுவதே இல்லை. இங்கே நஞ்சின் நோக்கம் தாக்கவந்த விலங்குக்கு வலியைக் கொடுத்து விரட்டுவது. அந்த விடாப்பிடியே ஆய்வாளருக்கு உதவியது: ஏற்பி திறந்த நிலையில் எப்படி இருக்கும் என்று 2013-இல் படமெடுக்கும்போது அதைத் திறந்தே வைத்திருக்கப் பயன்பட்டவற்றுள் இந்த நஞ்சும் ஒன்று. ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசு பெற்ற ஆய்வின் தொடர்ச்சி இது.

மனித உயிருக்கு உண்மையான ஆபத்தாக இருந்த சிட்னி புனல்வலைச் சிலந்தியின் நஞ்சு, கண்டிப்பாகச் சொன்னால், ஏற்பியைத் தாக்குவதே இல்லை. நரம்பு நாரில் மின்துடிப்பைக் கடத்தும் சோடியம் வாயில்களை மூடவிடாமல் செய்கிறது. ஆஸ்திரேலியாவில் ஸ்ட்ருவன் சதர்லாந்து உருவாக்கிய முறிமருந்து 1981-இல் வந்த பிறகு அதனால் இறப்பு பதிவாகவில்லை. நரம்பு நஞ்சு என்று பொதுவாகச் சொல்லும்போது ஏற்பியும் இத்தகைய வாயிலும் கலந்துவிடுகின்றன என்பதற்காகவே இதை இங்கே குறிப்பிட்டேன்.

நம் பக்கத்தில் பரவலாக உள்ள ஒரு நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். தோலில் வரிசையாகக் கொப்புளம் வந்தால் எட்டுக்கால் பூச்சி ஊர்ந்துவிட்டது, அதன் நஞ்சு பட்டுவிட்டது என்று சொல்கிறோம். மேலே சொன்ன எந்த மூலக்கூறும் முழுமையான தோலின் மேல் பட்டால் உள்ளே போய் ஏற்பியை எட்டாது. பற்கள் வழியாக உடலுக்குள் இறங்கினால்தான் வேலை செய்யும். அப்படிப்பட்ட கொப்புளங்களுக்குப் பெரும்பாலும் அக்கியை உண்டாக்கும் வைரசோ, நசுங்கினால் தோலைப் புண்ணாக்கும் ஒரு சிறு வண்டோதான் காரணம். அக்கிக்கு முதல் மூன்று நாள்களுக்குள் மருந்து தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும் என்பதால், சிலந்தியின் மேல் பழியைப் போட்டு அந்த நாள்களை வீணாக்குவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் செய்தி.

தோட்டத்துச் சிலந்திக்கு வருகிறேன். நெபிலா தானாக வந்து கடிக்காது. கையில் அழுத்திப் பிடித்தால் கடிக்கும். கடித்தால் அந்த இடத்தில் வலி, சிவப்பு, சிறு வீக்கம் வரும். சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவிக் குளிர்ந்த ஒத்தடம் கொடுத்தால் பொதுவாக ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். கடித்தது மரப்பொந்துகளில் வாழும் மயிரடர்ந்த பொயிசிலோதெரியா வகைப் பெருஞ்சிலந்தி என்றால் கதை வேறு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள அந்த வகையின் கடிக்குப் பிறகு, சில மணி நேரம் கழித்துக்கூட, கடுமையான தசைப்பிடிப்பு வருவது பதிவாகியிருக்கிறது. எந்தச் சிலந்தி என்று தெரியாத நிலையில் தசைப்பிடிப்போ, மிகுந்த வியர்வையோ, மூச்சுத் திணறலோ, பரவும் வீக்கமோ வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முடிந்தால் சிலந்தியைக் கொல்லாமல் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனால் மருத்துவர் முடிவெடுக்க அது உதவும்.